கூரைக்குள் வளர்ந்த கையாப்புடை

வில்லாபுரத்தில் ஒரு மனிதர் உயிரோடு இருக்கும்போதே ஊர் கூடி அவருக்கு ஒப்பாரி வைத்தது. வாசலில் நின்று அதை முழுக்கக் கேட்டவர், ராகம் ஓரிடத்தில் பிசகுவதாகச் சொல்லித் திருத்தவும் செய்தார். வெள்ளைத்துரை என்பது அவர் பெயர். இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை எழுதிவைக்காமல் விட்டால் நாளைக்கு யாரும் நம்பமாட்டார்கள். எழுதிவைத்தால் நம்புவார்களா என்பது வேறு விஷயம்.

பெயரில்தான் வெள்ளை. ஆள் நல்ல கருப்பு, விறகுக் கட்டை மாதிரி ஒல்லி. வாலிபத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போய், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவருக்கு வெந்நீர் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம் பார்த்தார். ஊர் திரும்பியபின் அவர் இதைச் சொல்லச் சொல்ல வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப்போய், கடைசியில் ஆஸ்பத்திரி மட்டும் மிஞ்சியது. அங்கிருந்து அவர் சம்பாதித்துக் கொண்டுவந்தவை ஒரு கறுப்புக் கோட்டு, வளைந்த பிடி வைத்த குடை, இளைப்பு. முதல் இரண்டையும் பகலில் அவர் சுமந்தார். மூன்றாவது விடியற்காலையில் அவரைச் சுமந்தது. நெஞ்சுக்குள் யாரோ துருத்தி ஊதுவதுபோல் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுக் கோழிகள் அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பதாகப் பேச்சு.

அந்த இளைப்புக்குக் கண்கண்ட மருந்து கையாப்புடைத் தைலம். பினாங்குப் பக்கத்துச் சதுப்பில் நிற்கும் ஒரு மரத்தின் இலையிலிருந்து இறக்குகிற எண்ணெய். மதுரை டவுனுக்குள் ஒரு சந்தில் கடை வைத்திருந்த நாகூர் கனி அதைச் சின்னச் சீசாக்களில் வரவழைத்து விற்றார். கனியும் வெள்ளைத்துரையும் ஒரே கப்பலில் ஊர் திரும்பியவர்கள். கப்பலில் ஒன்றாக வாந்தி எடுத்தவர்களுக்குள் உண்டாகும் உறவு சாமானியமானதல்ல.

அப்புறம் ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்தான். கப்பல் நின்றது. சீசாவும் நின்றது. உலக யுத்தத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட முதல் வில்லாபுரத்துக்காரர் என்ற பெருமை வெள்ளைத்துரையைச் சேர்ந்தது.

நல்லவேளையாக, கடைசியாக வந்த சரக்கோடு கனிக்கு ஒரு நாற்றும் வந்திருந்தது. பால் டப்பாவுக்குள் விரல் நீளத்தில், நாலைந்து இலையோடு நின்றது. கடைக்குள் வைத்து ஒரு மாதிரி காப்பாற்றி, வெள்ளைத்துரையின் நெஞ்சுச் சத்தம் தெருமுனையிலேயே கேட்ட ஒரு நாளில் கனி அதை எடுத்து நீட்டினார்.

“மாப்ள, இனிமே எண்ணெய்க்கு எங்கிட்ட வராத. இதை வச்சுப் பொழச்சுக்க. இது தண்ணியில நிக்கிற சாதி. காலு எப்பவும் ஈரத்துல இருக்கணும், தலை வெயில்ல இருக்கணும். ரெண்டுல ஒண்ணு தப்பினாலும் போய்ச் சேந்துரும்.”

“தலை வெயில்ல, காலு ஈரத்துல. நம்ம ஊரு வெள்ளாமை பண்ற சம்சாரி மாதிரின்னு சொல்லு.”

“உங்க ஊரு சம்சாரிக்கு ஈரம் எங்க இருக்கு,” என்றார் கனி.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் பின்னால் நடந்ததையெல்லாம் பார்க்கும்போது கனியை ஜோசியத் தொழிலுக்கு அனுப்பியிருக்கலாம்.

நாற்றை முதலில் வாசலில்தான் வைத்தார். அடுத்த வீட்டு முத்திருளனின் ஆடு வந்து ஓர் இலையைக் கடித்தது. கடித்த ஆடு தலையை உதறிக்கொண்டு, ஒரு பகல் முழுக்க எதையும் தின்னாமல் வடக்கே பார்த்து நின்றது. முத்திருளனுக்கு அது பிடிக்கவில்லை. ஆடு எதையாவது தின்னாமல் நின்று அவர் பார்த்ததேயில்லை. வெள்ளைத்துரைக்கும் பிடிக்கவில்லை; போன இலை திரும்ப வராது. ஆகவே மரம் வீட்டுக்குள் போயிற்று. மாடு தண்ணீர் குடிக்கும் மண் குலுதாடி ஒன்றை நடுவீட்டில் வைத்து, அதில் தண்ணீர் கட்டி, அதற்குள் செடிச் சட்டியை இறக்கினார். காலுக்கு ஈரம் ஆயிற்று. தலைக்கு வெயில் வேண்டுமே. மூங்கில் கம்பால் கூரையில் சில ஓடுகளை நகர்த்தினார். ஒரு தூண் போல வெயில் இறங்கி வந்து செடியின் தலையில் நின்றது.

வெள்ளைத்துரையின் வாழ்க்கையில் அவர் செய்த ஒரே தவறு அதுதான். வேறு ஊரில் செய்திருந்தால் தவறே ஆகியிருக்காது.

மரம் வளர்ந்தது. குலுதாடியில் தண்ணீர் வற்றிய நாளில் இலை சுருண்டு உதிர்ந்துவிடும்; அதனால் தினமும் ஊற்றினார். உச்சிக்கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் தழைக்கும் என்று தெரிந்துகொண்டு கிள்ளினார். கிள்ளிய கொழுந்தை வெந்நீரில் போட்டுப் போர்வைக்குள் ஆவி பிடித்தார். துருத்தி நின்றது. கோழிகள் இஷ்டப்பட்ட நேரத்துக்கு எழுந்தன. வெயில் நகர நகர அவரும் ஓடுகளை நகர்த்தினார். மரம் அகலமாக ஆக, நகர்த்திய ஓடுகளைத் திரும்ப வைக்கிற வேலை குறைந்துகொண்டே வந்தது.

தண்ணீர் சுமந்தது அவர் மனைவி பாண்டியம்மாள். ஊர்க்கிணற்றிலிருந்து இரண்டு குடம் எடுத்தால் ஒன்று சமையலுக்கு, ஒன்று மரத்துக்கு.

“யாருக்குடி இம்புட்டுத் தண்ணி?” என்று கிணற்றடியில் கேட்டால், “எங்க வீட்டுல இன்னொருத்தி இருக்கால்ல, அவளுக்கு,” என்பாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருஷம் புரட்டாசி வெறுமனே போனது. ஐப்பசியில் மேகம் வந்து, ஊரை எட்டிப் பார்த்துவிட்டு, திருமங்கலம் பக்கம் போனது. கிணற்றில் கயிறு நீளமாகத் தேவைப்பட்டது. சிரிப்பு நின்றது.

அந்த நேரம் பார்த்து மரம் தோலை உரிக்க ஆரம்பித்தது. அது அந்தச் சாதியின் வழக்கம். காகிதம் போல வெள்ளை வெள்ளையாகப் பட்டை உரிந்து தொங்கும். வெள்ளைத்துரைக்கு அது தெரியும், பினாங்கில் பார்த்திருக்கிறார். ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: வீட்டுக்குள்ளே ஒன்று வளர்கிறது, ஆடு அதைத் தின்னாது, தினம் ஒரு குடம் தண்ணீர் குடிக்கிறது, ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது, பாம்பு மாதிரி தோலுரிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது இருக்கிற வீட்டுக் கூரை ஐப்பசி மாதத்தில் திறந்து கிடக்கிறது.

மழைக்காலத்தில் ஒருவன் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? மழை வராது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை யாரும் வெள்ளைத்துரையிடம் கேட்கவில்லை. தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

பாண்டியம்மாள் மட்டும் கேட்டாள். “ஓட்டைத் திருப்பி வைங்க. ஊரு பாக்குற பார்வை சரியில்ல.”

“ஓட்டை வச்சா மரம் போயிரும். மரம் போனா நான் போயிருவேன்.”

“ஓட்டை வைக்காட்டியும் போயிருவீக போலருக்கு.”

வெள்ளைத்துரை இதைப் பெண்புத்தி என்று வகைப்படுத்தி ஒதுக்கினார். அவருக்கு என்னவோ ஊர் தம்மீது திடீரென்று மரியாதை காட்டுவதாகத்தான் பட்டது. அவர் நடந்துபோனால் டீக்கடையில் பேச்சு அடங்கியது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருநாள் முத்திருளனே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணே, உங்க உசரம் எம்புட்டு இருக்கும்?”

“எதுக்கு?”

“சும்மாதாண்ணே. ஒரு காரியத்துக்கு.”

வெள்ளைத்துரை நிமிர்ந்து நின்றார். முத்திருளன் ஒரு கயிற்றைத் தலைமுதல் கால்வரை பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். தோளிலும் பிடித்தார்.

“தோளு இம்புட்டு இல்ல, தம்பி. கோட்டு போட்டா அகலம் கூடும்,” என்று வெள்ளைத்துரை திருத்தினார்.

“அதையே கேக்கலாம்னு இருந்தேன்ணே. அந்தக் கோட்டு பழசாயிருச்சுல்ல? குடையும் கிழிஞ்சிருக்கு. குடுத்தீகன்னா ஊருக்கு உபயோகப்படும்.”

அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரில் கமிட்டி போடப்போவதாக அப்போது பேச்சிருந்தது. தம்மைத்தான் தலைவராக்குவார்கள், தலைவருக்கு ஒரு படமோ சிலையோ வைப்பார்கள் என்று வெள்ளைத்துரையின் கணக்கு. கோட்டை உதறி மடித்து, குடையைத் துடைத்து, இரண்டையும் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். உள்ளேயிருந்து பாண்டியம்மாள் அதைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. வைக்கோலும் பழந்துணியும் அளவுக் கயிறும் சேர்ந்தால் அந்தச் சீமையில் என்ன செய்வார்கள் என்பது பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொடும்பாவி கட்டுவார்கள். எவன் பாவத்தால் மழை நின்றதோ அவனைப் பொம்மையாகச் செய்து, தெருத்தெருவாக இழுத்து, அழுது, கண்மாய்க்குள் கொண்டுபோய் எரிப்பார்கள். மற்ற வருஷங்களில் அந்தப் பாவி யார் என்று யாரும் சொல்வதில்லை. பொம்மைக்கு முகம் இருக்காது. இந்த வருஷம் முகம் இருக்கப்போகிறது.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் பறைச்சத்தம் கேட்டது. வெள்ளைத்துரை வாசலுக்கு வந்தார். தெருவில் காலில் கயிறு கட்டித் தம்மையே இழுத்து வருவதைக் கண்டார். கோட்டின் பொத்தான்கள் சரியாகப் போடப்பட்டிருந்தன. குடையை விலாவில் செருகியிருந்தார்கள். நெஞ்சில் ஒரு சட்டியைக் கவிழ்த்துக் கட்டியிருந்ததால் பொம்மை இழுபடும்போது துருத்திச் சத்தம்கூடக் கேட்டது. சிரத்தையான வேலை.

ஊர்வலம் அவர் வாசலில் நின்றது. ஒப்பாரிக்குப் பேர்போன அன்னக்கொடி முன்னால் வந்து, மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள்.

“கூரை பிரிச்சவரே, குளத்தைக் குடிச்சவரே, தோலுரிக்கும் சக்களத்தி துணைக்கு வர மாட்டாளே…”

“ரெண்டாவது அடியில இறங்கணும், அன்னக்கொடி. நீ ஏறுற,” என்றார் வெள்ளைத்துரை. பயந்தவன் எதையாவது பேசுவான் என்பதற்கு மேல் இதில் விசேஷம் எதுவுமில்லை.

முத்திருளன் அருகே வந்து காதோடு சொன்னார்: “அண்ணே, எனக்கு மனசு கேக்கல. அந்த மரத்தை வெட்டிக் குடுத்துருங்க. ஓட்டை மூடிருங்க. இப்பவே கோட்டைக் கழட்டிருவோம். பொம்மைக்குப் பேரு இல்லாம எரிச்சுருவோம்.”

வெள்ளைத்துரை உள்ளே திரும்பிப் பார்த்தார். வெயில் தூணுக்குள் மரம் நின்றது. அதன் வாடையில் அவர் மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. ஊரோடு இருப்பதா, உயிரோடு இருப்பதா என்று இரண்டில் ஒன்றைக் கேட்கிறார்கள்.

“வெட்ட மாட்டேன்,” என்றார்.

“உங்க இஷ்டம்ணே,” என்று முத்திருளன் கயிற்றைப் பிடித்தார்.

கண்மாய்க்குள் கோட்டு நன்றாக எரிந்தது. அன்று சாயங்காலம் மழை பெய்தது.

சும்மா பெய்யவில்லை. கொட்டித் தீர்த்தது. திறந்த கூரை வழியாக நடுவீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பாண்டியம்மாள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பரணில் ஏறினாள். தண்ணீரில் நிற்கிற சாதியான மரம் மட்டும் இலையெல்லாம் மினுங்கச் சந்தோஷமாக நின்றது. வெள்ளைத்துரை இடுப்பு வேட்டியை உயர்த்திக்கொண்டு அந்த மழையையே பார்த்தார். பெய்யாமல் இருந்திருந்தால் அவர்மேல் இருந்தது வெறும் சந்தேகம். பெய்துவிட்டது. இனி அப்பீல் இல்லை.

அடுத்த நாளிலிருந்து அவர் ஊரில் செத்தவர். கோபம் எதுவுமில்லை. செத்தவரிடம் யாருக்குக் கோபம்? சவரத்துக்குப் போனால், “செத்தபிறகு ஒரு தடவைதான் செய்வோம்ணே, அதையும் பொம்மைக்குச் செஞ்சாச்சு,” என்று பதில் வந்தது. அன்னக்கொடி முந்தானையில் கொஞ்சம் அரிசி முடிந்துகொண்டு துக்கம் விசாரிக்க வந்தாள். வெள்ளைத்துரை அப்போது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“மனசைத் தேத்திக்க, தாயி. நல்ல மனுசன்,” என்றாள் பாண்டியம்மாளிடம்.

“இந்தா உக்காந்து கஞ்சி குடிக்கிறாகளே, அது யாரு?”

அன்னக்கொடி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. “ஆரம்பத்துல அப்படித்தான் தாயி தெரியும்,” என்றாள்.

நெல் அறுத்து வீடு வந்தபிறகு ஊரின் மனசு இளகியது. யோசித்துப் பார்த்தால் மழையைக் கொண்டுவந்தது யார்? வெள்ளைத்துரை எரிந்ததுதானே. அவருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தீர்மானமாயிற்று. யுத்தகாலம், துணி கிடைக்காது. சாக்கைப் பிரித்து, கறுப்புச் சாயம் முக்கி, அந்த அளவுக் கயிற்றை வைத்தே ஒரு புதுக்கோட்டுத் தைத்தார்கள். முத்திருளன் அதை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்.

“போட்டுக்கங்கண்ணே. பத்திரமா வச்சுக்கங்க.”

வெள்ளைத்துரை போட்டுக்கொண்டார். தோளில் கனகச்சிதமாக உட்கார்ந்தது. அதுமுதல் பெண்கள் தாங்களாகவே ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து மரத்துக்கு ஊற்றினார்கள். முத்திருளன் தன் ஆட்டைக் கட்டிப்போட்டார். ஒருநாள் பாண்டியம்மாள் ஓட்டைத் திருப்பி வைக்கக் கம்பை எடுத்தபோது, வாசலில் நின்றவர்கள் பதறிப்போய்த் தடுத்தார்கள். “இருக்கட்டும் தாயி. அவரு இஷ்டப்படி தொறந்தே இருக்கட்டும்.”

“பாத்தியா மரியாதையை?” என்றார் வெள்ளைத்துரை.

“ஆட்டுக்குத் தழை போடுறதும் இப்படித்தான்,” என்றாள் அவள்.

அடுத்த வருஷம் ஆடியில் காற்று மட்டும் அடித்தது. ஆவணி, புரட்டாசி எல்லாம் காய்ந்தன. கண்மாய்த் தரை வெடித்து, வெடிப்புக்குள் கை போகிற அளவுக்கு ஆனது. மாடுகள் கூரையில் வேய்ந்திருந்ததை இழுத்துத் தின்றன. ஐப்பசியில் மேகமே வரவில்லை. கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. அப்படியும் கலங்கல் தண்ணீராக ஒரு செம்பு மரத்துக்கு வந்துகொண்டிருந்தது. கொண்டுவந்தவர்கள் ஊற்றிவிட்டு உடனே போகாமல், வெள்ளைத்துரையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மத்தியானம் முத்திருளனும் ஆட்களும் வந்தார்கள். கையில் கயிறு இருந்தது. பறை இருந்தது. வேறொன்றும் இல்லை.

“வாங்க தம்பி. கட்டியாச்சா?” என்று கேட்டார் வெள்ளைத்துரை. பழகிப்போன தோரணையில்தான் கேட்டார்.

“வைக்கல் இல்லண்ணே. இருந்ததை மாடு தின்னுருச்சு. மாட்டையும் வித்தாச்சு.”

“அப்ப பொம்மைக்கு?”

முத்திருளன் ஆணியில் தொங்கிய சாக்குக் கோட்டைப் பார்த்தார். பிறகு மிகுந்த பரிவோடு சொன்னார்: “கண்மாய் வரைக்கும்தாண்ணே. கல்லு முள்ளு இல்லாம வரப்போரமாவே இழுத்துட்டுப் போயிருவோம். நீங்க சும்மா படுத்திருந்தாப் போதும்.”

“கண்மாய்க்குப் போயி?”

முத்திருளன் கயிற்றின் முடிச்சைத் தடவிக்கொண்டு நின்றார். “அதை அங்க போயிப் பேசிக்கலாம்ணே.”

வெள்ளைத்துரைக்கு மூச்சு முட்டியது. ஆட்கள் நிலைப்படியை அடைத்து நின்றதால் காற்று வரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பாண்டியம்மாள் எழுந்தாள். ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள். நேரே மரத்திடம் போனாள். மரம் இப்போது வெள்ளைத்துரையின் உயரத்துக்கு ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தது. இரண்டு கிளைகளையும் கோட்டுக் கைகளுக்குள் நுழைத்துப் பொத்தானைப் போட்டாள்.

“ஒரே ஆளை ரெண்டு தடவை எரிச்சா மழைக்கு மருவாதை இல்ல,” என்றாள். “தண்ணியக் குடிச்சது இவரா? ஓட்டைப் பிரிக்கச் சொன்னது இவரா? நல்லாப் பாருங்க, தோலை உரிச்சுக்கிட்டு யாரு நிக்கிறான்னு. அளவும் சரியா இருக்கு. இழுத்துட்டுப் போங்க.”

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்திருளன் அளவுக் கயிற்றை எடுத்து மரத்தின்மேல் பிடித்தார். நியாயமான மனிதர். பிடித்துப் பார்த்து, தலையாட்டினார்.

வெள்ளைத்துரை வெட்ட வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். பாண்டியம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கடைசியாகத் தொடுவதுபோல் மரத்தருகே போய், ஒரு கொம்பை ஒடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் கோடாலி இறங்கியது.

இழுத்துப் போகும் வழியெல்லாம் இலை நசுங்கி வாடை கிளம்பியது. தெருவில் நின்றவர்களின் மூக்கடைப்பெல்லாம் விலகியது. அன்னக்கொடியின் தொண்டை என்றுமில்லாமல் திறந்துகொண்டு, இரண்டாவது அடியில் சரியாக இறங்கினாள். கண்மாய்க்குள் தீ வைத்ததும் எண்ணெய் இலைகள் படபடவென்று பிடித்து, கரும்புகை நேராக எழுந்து நின்றது. வீட்டிலிருந்தே அது தெரிந்தது. வெள்ளைத்துரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் துருத்தி மறுபடி ஊத ஆரம்பித்தது.

சாயங்காலம் தூறல் விழுந்தது. தூறல்தான். தெருப்புழுதியை அடக்கியது, கண்மாய் வெடிப்பில் ஒன்றைக்கூட அடைக்கவில்லை. வந்த மேகம் அத்தோடு கலைந்துவிட்டது.

பொழுது சாயும் முன்னே முத்திருளன் மட்டும் தனியாக வந்து வாசலில் நின்றார். தோளில் கயிறு இருந்தது.

“அரை மழைதாண்ணே பெஞ்சிருக்கு.”

“ம்.”

“அப்படின்னா பாவியும் பாதிதான் போயிருக்காப்ல. ஊருல பேசிக்கிறாக. நான் சொல்லல.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்தார். “சரி, வாரேன்ணே,” என்று போய்விட்டார்.

பாண்டியம்மாள் மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு நடுவீட்டுக்கு வந்தாள். “இப்பவாவது மூடிரட்டுமா?”

வெள்ளைத்துரை இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் கனி கொடுத்த பழைய பால் டப்பா இருந்தது. அதற்குள் ஈர மண்ணில் ஒடித்துவந்த கொம்பு நின்றது. கூரைத் திறப்பில் மிச்சமிருந்த கடைசி வெளிச்சம் அதன்மேல் விழட்டும் என்று டப்பாவைக் காலால் மெல்ல நகர்த்தி வைத்தார்.

“கொஞ்சம் பொறு,” என்றார்.

அவள் கம்பைக் கீழே வைக்கவில்லை. கம்போடு போய் வாசல் கதவைச் சாத்தி, அதையே குறுக்கே முட்டுக்கொடுத்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.